'டியூ டு' எங்கே, 'பிகோஸ் ஒஃப்' எங்கே? சிவப்பு மை அடித்த ஈமெயில்

மூடுபனி

எல்லோருக்கும் வணக்கம். நான் நானுஓயாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் இருக்கிறேன். வெளிநாட்டு ஆட்களுக்கு ஈமெயில் எழுதுவது என் தலையில்தான். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள், சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு 'சி' எடுத்தவள், அவ்வளவுதான் என் ஆங்கிலம்.

போன கிழமை ஒரே மழை, லைனில் மண் சரிந்து கண்டிப் பக்கமிருந்து வரும் ரயில் நின்றுவிட்டது. அன்று வர இருந்த ஒரு குடும்பத்துக்கு இப்படி எழுதினேன்:

'த ட்ரெயின் வோஸ் கேன்சல்ட் டியூ டு எ லேண்ட்ஸ்லைட். பிகோஸ் ஒஃப் த ரோட் இஸ் ஆல்ஸோ க்ளோஸ்ட், ஸோ ப்ளீஸ் ஸ்டே இன் கண்டி டுநைட்.'

'டியூ டு', 'பிகோஸ் ஒஃப்' இரண்டையும் 'காரணமாக' என்ற பொருளில்தான் போட்டேன். புதிதாக வந்திருக்கும் மனேஜர் அதை பிரின்ட் எடுத்து, முதல் வரியில் 'டியூ டு'வைச் சுற்றி ஒரு வட்டம், இரண்டாவது வரிக்குக் கீழே இரண்டு கோடு, எல்லாம் சிவப்பு மையில். 'டியூ டு அங்கே வராது, இரண்டாவது வரியைப் பற்றிப் பேசவே வேண்டாம்' என்றார். ஏன் வராது என்று கேட்டால் 'அது அப்படித்தான்' என்கிறார். அடிக்கிறவர் காரணத்தைச் சொல்லிவிட்டு அடிக்கலாம் இல்லையா. யாராவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பச்சைக்கொழுந்து

இது ஒரு பிரச்சினையா தங்கச்சி? இரண்டும் ஒன்றுதான். எந்த ஆங்கிலப் பேப்பரைத் திறந்தாலும் பக்கத்துக்குப் பத்து 'டியூ டு' கிடக்கிறது. மனேஜர் புதுசு, கொஞ்ச நாள் ஆடுவார், விடுங்கள்.

வெண்கட்டி

நான் அட்டன் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். தங்கச்சியின் முதல் வரியும் இரண்டாவது வரியும் வேறு வேறு விசயம். இரண்டையும் ஒரே மையில் அடித்ததுதான் மனேஜர் செய்த பிழை.

முதல் வரியை எடுப்போம். பழைய இலக்கணக்காரர் கணக்கில் 'டியூ' ஒரு பெயரடை. பெயரடை என்றால் ஒரு பெயரைப் பிடித்துத்தான் நிற்க வேண்டும். 'த டிலே வோஸ் டியூ டு ரெயின்' என்றால் பிடிக்க 'டிலே' என்ற பெயர் இருக்கிறது, சரி. 'த ட்ரெயின் வோஸ் டிலேய்ட் டியூ டு ரெயின்' என்றால் எதைப் பிடிப்பது? ட்ரெயின் இருக்கிறதே என்பீர்கள். ஆனால் மழையால் உண்டானது ரயில் இல்லை, தாமதம். அந்தத் தாமதம் இங்கே வினைக்குள் ஒளிந்து கிடக்கிறது. வினைக்குக் காரணம் சொல்ல 'பிகோஸ் ஒஃப்' அல்லது 'ஓவிங் டு' போடு என்பது அந்த விதி.

சோதிக்க ஒரு சின்ன வேலை போதும். 'டியூ டு' இருக்கிற இடத்தில் 'கோஸ்ட் பை', அதாவது 'இதனால் உண்டானது', போட்டுப் பாருங்கள். 'த டிலே வோஸ் கோஸ்ட் பை ரெயின்', ஓடுகிறது. 'த ட்ரெயின் வோஸ் டிலேய்ட் கோஸ்ட் பை ரெயின்', முக்கி முனகி நின்றுவிடுகிறது. வகுப்பில் நான் கோப்பியை வைத்துத்தான் இதைச் சொல்வேன், ஏனென்றால் அந்த வரலாறு பிள்ளைகளுக்குச் சமூகக்கல்வியில் எப்படியும் வரும். 1869 இல் இலைநோய் வந்தது, அடுத்த இருபது வருடத்துக்குள் இலங்கையில் கோப்பி படுத்துவிட்டது, தேயிலை எழுந்தது. இதை எழுதும்போது 'த கொலாப்ஸ் ஒஃப் கொஃபி வோஸ் டியூ டு எ லீஃப் டிசீஸ்' என்றால் பழைய விதிக்கும் பொருந்தும். 'கொஃபி கொலாப்ஸ்ட்' என்று வினையாகச் சொல்லிவிட்டால் 'பிகோஸ் ஒஃப்'. விளைவைப் பெயராகச் சொல்கிறோமா வினையாகச் சொல்கிறோமா என்று பார்த்தால் பாதி முடிந்தது.

இப்போது மறு பக்கம். இந்த விதியைப் பெரிதாகத் தூக்கிப் பிடித்தவர் ஃபௌலர், 1926 இல் வந்த அவருடைய ஆங்கில வழக்கு அகராதியில். 'டியூ டு'வை 'ஓவிங் டு' மாதிரிப் போடுவது எழுத்தறியாதவர் வேலை என்கிற அளவுக்கு எழுதினார். வேடிக்கை என்னவென்றால் 'ஓவிங்'கும் ஒரு காலத்தில் பெயரைப் பிடித்து நின்ற சொல்தான். அது முன்பே நழுவி முன்னிடைச் சொல்லாகிவிட்டது, அதாவது ப்ரெபொசிஷன், யாரும் சண்டை பிடிக்கவில்லை. 'டியூ டு' பின்னால் வந்து அதே வழியில் நழுவியபோதுதான் சண்டை. 1957 ஒக்டோபரில் எலிசபெத் மகாராணி கனடா நாடாளுமன்றத்தைத் திறந்து வைத்து வாசித்த உரையிலேயே 'டியூ டு' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் உண்டு, தானியத்தை விற்க முடியாமல் போன விவசாயிகளைப் பற்றி. இன்றைய ஒக்ஸ்போர்ட் அகராதியும் அந்தப் பாவனையை ஏற்கிறது. ஆகவே மூடுபனி, உங்கள் முதல் வரி இன்றைய ஆங்கிலத்தில் பிழையே இல்லை. மனேஜர் பழைய பள்ளிக்கூடம்.

இரண்டாவது வரி பிழை. அதில் மனேஜர் பக்கம்தான் நான்.

பச்சைக்கொழுந்து

அப்போ நான் சொன்னது சரிதானே சேர், இரண்டும் ஒன்று!

வெண்கட்டி

பாதி சரி தம்பி. பரீட்சைத் தாள் திருத்துகிறவர் பழைய ஆளாக இருந்தால் அந்தப் பாதியும் போய்விடும். பிள்ளைகளுக்கு நான் சொல்வது: எழுதும்போது பழைய விதிப்படி எழுது, மற்றவன் எழுதினதை வாசிக்கும்போது புது விதிப்படி மன்னித்துவிடு.

பத்தாம் நம்பர் மலை

இடையில் நுழைகிறேன். பேராதனையில் மொழியியல் படிக்கிறேன், வீடு பொகவந்தலாவைப் பக்கம்.

சேர் சொன்ன 'டியூ டு' சண்டை வெள்ளைக்காரன் வீட்டுச் சண்டை. அவர்கள் பிள்ளைகளும் அதில் தடுமாறுகிறார்கள். மூடுபனி அக்காவின் இரண்டாவது வரியில் இருக்கிறதே, அது நம் வீட்டுப் பிழை, தமிழிலிருந்து நேராக இறங்கி வந்தது. அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

பாருங்கள். 'மழையால் ரயில் நின்றது.' 'மழை பெய்ததால் ரயில் நின்றது.' இரண்டிலும் ஒரே 'ஆல்'. மழை என்ற பெயரோடும் ஒட்டுகிறது, பெய்தது என்பதோடும் ஒட்டுகிறது. முன்னால் இருப்பது வெறும் பெயரா, முழு நடப்பா என்று தமிழ் கேட்பதே இல்லை. ஆங்கிலம் கேட்கும். பெயர் வந்தால் 'பிகோஸ் ஒஃப்', எழுவாயும் வினையும் சேர்ந்த முழு வாக்கியம் வந்தால் 'ஒஃப்' இல்லாத வெறும் 'பிகோஸ்'. 'பிகோஸ் ஒஃப் த ரெயின்', 'பிகோஸ் இட் ரெயின்ட்'. நம் தலைக்குள் இருப்பது ஒரே ஓர் 'ஆல்' என்பதால் எதை இழுத்துப் போடுவது என்று கை தடுமாறுகிறது, அப்படித்தான் 'பிகோஸ் ஒஃப் த ரோட் இஸ் க்ளோஸ்ட்' வருகிறது. 'டியூ டு த ட்ரெயின் வோஸ் லேட்' என்பதும் இதே நோய்தான். அக்கா, 'பிகோஸ் ஒஃப்', 'டியூ டு', 'ஓவிங் டு' மூன்றுக்கும் பின்னால் 'இஸ்', 'வோஸ்' மாதிரி ஒரு வினை வந்து நின்றால் உடனே சந்தேகப்படுங்கள்.

அதோடு அந்த 'ஆல்' இன்னும் எத்தனை வேலை பார்க்கிறது! கத்தியால் வெட்டினேன் என்றால் கருவி, என்னால் முடியாது என்றால் இயலாமை, உன்னால் கெட்டேன் என்றால் குற்றச்சாட்டு. என் ஒன்றுவிட்ட தம்பி ஒரு கடிதத்தில் 'ஐ குட் நொட் கம் பை த ரெயின்' என்று எழுதியிருந்தான். மழையில் ஏறி வர முடியவில்லையாம்! மழை என்ன பஸ்ஸா? தம்பி எழுதியது அச்சு அசல் தமிழ், உடுப்பு மட்டும் ஆங்கிலம்.

அப்புறம் 'பிகோஸ்' போட்டு 'ஸோ'வும் போடுவது. தமிழில் 'பாதை மூடியிருக்கிறபடியால், அதனால் நீங்கள்...' என்று பேச்சில் இரண்டு தடவை சொல்லலாம், அழுத்தம் கூடும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரு காரணத்துக்கு ஓர் ஆணி போதும். 'பிகோஸ்' அடித்தால் 'ஸோ'வைப் பிடுங்க வேண்டும், 'ஸோ' வேண்டுமென்றால் 'பிகோஸ்' போக வேண்டும்.

மூடுபனி

தம்பி, அந்த 'ஆல்' விசயம் எனக்கு ஒரேயடியாகப் புரிந்துவிட்டது. பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை. தமிழில் கூட 'பெய்தால்', 'பெய்ததால்' இரண்டுக்கும் நடுவில் ஒரு 'த'தான் என்று இப்போதுதான் கவனிக்கிறேன். ஒரு 'த' விட்டால் காரணம் நிபந்தனையாகப் போய்விடும்!

வெங்காயச்சம்பல்

மகன் இந்த வருடம் சாதாரண தரம். அவனுடைய டியூஷன் மிஸ் 'பிகோஸ்' போட்டு வாக்கியம் தொடங்கவே கூடாது என்கிறாராம். உண்மையா?

வெண்கட்டி

தொடங்கலாம். 'பிகோஸ் த ரோட் வோஸ் க்ளோஸ்ட், வீ ஸ்டேய்ட் இன் கண்டி.' இதில் ஒரு குறையும் இல்லை, முதன்மை வாக்கியம் பின்னால் வந்து சேர்ந்துவிட்டது. டியூஷன் மிஸ்ஸையும் குறை சொல்ல மாட்டேன். நம் பிள்ளைகள் எழுதுவது இப்படி இருக்கும்: 'ஐ டிட் நொட் கம் டு ஸ்கூல்.' முற்றுப்புள்ளி. 'பிகோஸ் மை மதர் வோஸ் சிக்.' முற்றுப்புள்ளி. இரண்டாவது துண்டு தனியாக நிற்காது, முதல் வாக்கியத்தோடு ஒட்ட வேண்டியது. நாற்பது கொப்பியில் நாற்பது துண்டு திருத்திக் கை வலித்த ஆசிரியை, இனி 'பிகோஸ்'ஸில் தொடங்காதே என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். நானும் சில வருடம் அப்படிச் சொன்னவன்தான்.

பத்தாம் நம்பர் மலை

அதுவும் நம் தமிழ்தான் சேர். 'நான் வரவில்லை. ஏனென்றால் அம்மாவுக்குச் சுகமில்லை.' தமிழில் 'ஏனென்றால்' தனி வாக்கியத்தைத் தாராளமாகத் தொடங்கும். பிள்ளை 'ஏனென்றால்' = 'பிகோஸ்' என்று மனப்பாடம் பண்ணியிருக்கிறது, முற்றுப்புள்ளியோடு சேர்த்து. 'காரணம் என்னவென்றால்' என்பதும் அப்படித்தான் 'த ரீசன் இஸ் பிகோஸ்' ஆகிறது. அங்கே 'த ரீசன் இஸ் தட்' என்பதுதான் எழுத்து வழக்கு. 'ரீசன்' என்றாலே காரணம், 'பிகோஸ்' என்றாலும் காரணம், ஒரு கூடைக்கு எதற்கு இரண்டு கயிறு?

பெரட்டுக்களம்

நீங்கள் எல்லோரும் இலக்கணம் பேசுகிறீர்கள், எனக்கு இந்த 'டியூ டு' காசு விசயம்.

எங்கள் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். பெயர் வெட்டி ஓய்வு எடுத்த பிறகு, வர வேண்டிய காசு பற்றி ஓர் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அதில் கடைசிக்கு முந்தின வரி: 'அட்ஜஸ்ட்மென்ட் டியூ டு வர்க்கர், 18 டேஸ்.' பக்கத்தில் ஒரு தொகை. வீட்டில் அன்று ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், ஒன்பதாம் வகுப்பு. 'டியூ' என்றால் கொடுக்க வேண்டியது, சேர வேண்டியது, அது எனக்குத் தெரியும், கடைக் கொப்பியிலேயே 'டியூ' என்று எழுதித்தானே வைத்திருப்பார்கள். ஆகவே வாசித்துச் சொன்னேன்: 'அம்மா, பதினெட்டு நாள் காசு உனக்குச் சேர வேண்டியதாம்.'

அம்மா அதை நம்பி டவுனில் கடனுக்கு ஒரு அலுமாரி எடுத்துவிட்டார். லயத்துக்குள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து வைக்க இடமில்லாமல் கட்டிலை வெளி இஸ்தோப்பில் போட்டோம். அடுத்த மாதம் போய்க் கேட்டால், அது தருகிற காசு இல்லை, கழித்த காசு. அம்மா நெஞ்சுச் சளியோடு கிடந்து வேலைக்குப் போகாத பதினெட்டு நாளுக்கு. அதாவது, தொழிலாளியின் காரணமாக ஏற்பட்ட கழிவு! 'டியூ டு வர்க்கர்' என்றால் தொழிலாளிக்குச் சேர வேண்டியது, 'டியூ டு வர்க்கர்' என்றால் தொழிலாளியால் வந்தது. இரண்டும் ஒரே மூன்று சொல். எழுதின கிளாக்கர் எதை நினைத்து எழுதினார் என்று தாளில் ஒரு அடையாளமும் இல்லை.

அலுமாரி இன்னமும் இருக்கிறது. அம்மா யாராவது 'டியூ' என்றால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

பச்சைக்கொழுந்து

அண்ணா, மன்னிக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று மேலே எழுதினேன், அதை வாபஸ் வாங்குகிறேன்.

வெண்கட்டி

பெரட்டுக்களம் தம்பி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பிழையாக வாசிக்கவில்லை. அந்தச் சொல்லின் முதல் பொருளே நீங்கள் வாசித்ததுதான். 'டியூ' லத்தீனில் கடன்படுதல் என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'ஓவிங்'கும் 'ஓ' என்ற கடன் சொல்தான். விளைவு தன் காரணத்துக்குக் கடன்பட்டிருக்கிறது என்ற பார்வையில் இரண்டு சொல்லும் 'காரணமாக' என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தன. பழைய பொருளும் சாகவில்லை, 'வேஜஸ் டியூ டு வர்க்கர்ஸ்' என்று இன்றும் எழுதுகிறார்கள், அங்கே அது சம்பள பாக்கிதான். 'த ட்ரெயின் இஸ் டியூ டு அரைவ்' என்றால் மூன்றாவது பொருள், வர வேண்டிய நேரம்.

ஆகவே என் வகுப்பு விதியில் இன்னொன்று சேர்க்கிறேன். 'டியூ டு'வுக்குப் பின்னால் மனிதன் வந்தால் எழுதாதே. மழை, மண்சரிவு, இலைநோய் இதெல்லாம் வரலாம், மழைக்கு யாரும் காசு கொடுக்கப் போவதில்லை. வர்க்கர், டீச்சர், கெஸ்ட் என்று ஆள் வந்தால் நின்று, யார் என்ன செய்தார் என்று முழுசாக எழுது: 'பிகோஸ் த வர்க்கர் வோஸ் ஆப்சென்ட் ஃபோர் 18 டேஸ்.' நாலு சொல் கூடும், போகட்டும்.

பத்தாம் நம்பர் மலை

அந்த வாக்கியத்தில் இன்னொன்று பாருங்கள், ஆள் வந்ததும் யார் செய்தது என்று சொல்லியே ஆக வேண்டும். 'டியூ டு' போட்டால் வினையே வேண்டாம், செய்தவரும் வேண்டாம். அலுவலகக் கடிதங்களுக்கு அது ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்று இப்போது விளங்குகிறது. 'டியூ டு அன்அவொய்டபிள் சர்கம்ஸ்டன்சஸ்' என்று பார்த்திருப்பீர்களே. தவிர்க்க முடியாத காரணங்களால். எந்தக் காரணம், யார் தவிர்க்கவில்லை?

மூடுபனி

சரி, நான் ஈமெயிலைத் திரும்ப எழுதியிருக்கிறேன், திருத்துங்கள். அதற்குள் இன்னொரு செய்தியும் சேர்க்க வேண்டி வந்தது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் பக்கத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தது, செம்மஞ்சள்.

'த ட்ரெயின் வோஸ் கேன்சல்ட் பிகோஸ் ஒஃப் எ லேண்ட்ஸ்லைட். பிகோஸ் த ரோட் இஸ் ஆல்ஸோ க்ளோஸ்ட், ப்ளீஸ் ஸ்டே இன் கண்டி டுநைட். அவர் அதர் கெஸ்ட்ஸ் டிட் நொட் லீவ் பிகோஸ் ஒஃப் த வோர்னிங்.'

வெண்கட்டி

முதல் இரண்டும் அருமை. மூன்றாவதில் ஒரு குழி இருக்கிறது, அது நம் பிழை இல்லை, ஆங்கிலத்தின் பிழை. உங்கள் மற்ற விருந்தாளிகள் போனார்களா, இருந்தார்களா?

மூடுபனி

இருந்தார்கள் சேர். எச்சரிக்கை வந்ததால் வெளியே கிளம்பவில்லை, ரூமிலேயே இருந்தார்கள்.

வெண்கட்டி

ஆனால் வாசிக்கிறவர் இப்படியும் எடுக்கலாம்: அவர்கள் போய்விட்டார்கள், போனதற்குக் காரணம் எச்சரிக்கை இல்லை, வேறு ஏதோ. முன்னால் 'நொட்', பின்னால் 'பிகோஸ்' வந்தால் அந்த 'நொட்' வினையை மறுக்கிறதா காரணத்தை மறுக்கிறதா என்று தெரியாது. தமிழில் இந்தக் குழப்பம் வராது, 'எச்சரிக்கையால் போகவில்லை', 'எச்சரிக்கையால் அல்ல போனது' என்று மறுப்பு எங்கே விழுகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். 'பிகோஸ்'ஸுக்கு முன்னால் ஒரு கமா போட்டால் ஓரளவு தப்பலாம். காரணத்தை முன்னால் கொண்டுவந்துவிட்டால் முழுசாகத் தப்பலாம்: 'பிகோஸ் ஒஃப் த வோர்னிங், அவர் அதர் கெஸ்ட்ஸ் டிட் நொட் லீவ்.'

மண்சரிவு எச்சரிக்கை நேரத்தில் போனார்களா இல்லையா என்பதை வாசிக்கிறவர் ஊகிக்க விடக் கூடாது.

வெங்காயச்சம்பல்

சேர், 'பிகோஸ்'ஸுக்குப் பதிலாக 'அஸ்', 'ஸின்ஸ்' போடலாமா? மகன் கேட்கச் சொன்னான்.

வெண்கட்டி

போடலாம், ஆனால் இரண்டுக்கும் நேரப் பொருளும் உண்டு. 'ஸின்ஸ் த ரோட் வோஸ் க்ளோஸ்ட்' என்றால் மூடியதாலா, மூடிய நாளிலிருந்தா? குழப்பம் வருகிற இடத்தில் 'பிகோஸ்' போடச் சொல்லுங்கள். பரீட்சைக்கு அது போதும்.

மூடுபனி

கடைசியாக ஒரு செய்தி. சேர் சொன்னபடி மாற்றி இன்று காலை மனேஜரிடம் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தார். சிவப்புப் பேனையை எடுத்தார், மூடினார், திரும்ப எடுத்தார். காரணம் சொல்கிற வரி ஒன்றிலும் கை வைக்கவில்லை. கடைசியில் நான் எழுதியிருந்த 'கைன்ட்லி டூ த நீட்ஃபுல்' (தயவுசெய்து ஆவன செய்யவும்) மேல் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குத் தனி இழை போடுகிறேன், வெண்கட்டி சேர் தூங்கப் போகாமல் இருந்தால் நல்லது.